அப்பாவுக்கு அல்சர் என்கிறார்கள், எண்டோஸ்கோபி பார்த்தே ஆகவேண்டுமா?

நொய்யல்கரை:

எல்லோருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 61 வயது. பல்லடம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறார். நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை என்பதால் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டது என்று எலும்பு டாக்டர் போன வருடமே சொல்லிவிட்டார். அவர் எழுதிக்கொடுத்த மாத்திரை தீர்ந்ததும் மறுபடி போய்க் காட்டவில்லை. மெடிக்கல் ஷாப்பில் மூட்டு வலி என்று சொல்லி செட் மாத்திரையாக வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அதைப் போட்டால்தான் தறிக்குப் போக முடிகிறது என்கிறார், அவர் நிலைமையில் அதைத் தப்பு சொல்லவும் முடியவில்லை.

இப்போது பிரச்சினை வயிறு. நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிச்சலும் பிசைகிற மாதிரி வலியும் சில மாதங்களாகவே இருக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிட்டது என்று எழுந்துவிடுகிறார். ஆளும் இளைத்துவிட்டார், பழைய சட்டையெல்லாம் தொளதொள என்று தொங்குகிறது. பக்கத்துக் கிளினிக்கில் அல்சர் என்று சொல்லி பேன் 40 மாத்திரையும் ஒரு சிரப்பும் கொடுத்தார்கள். சாப்பிடும் வரை பரவாயில்லை, நிறுத்தினால் திரும்ப வந்துவிடுகிறது. வயிற்று ஸ்கேன் எடுத்தோம், எல்லாம் நார்மல். ரத்தப் பரிசோதனையில் ஹெச் பைலோரி என்ற வயிற்றுக் கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்குகிற ஆன்டிபாடி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. இப்போது எண்டோஸ்கோபி பார்க்கச் சொல்கிறார்கள். அப்பா முடியவே முடியாது என்கிறார், குழாயை உள்ளே விட்டால் தொண்டை கிழிந்துவிடும் என்று தறியில் யாரோ பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். அத்தை என்னடாவென்றால் மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும் கொடுத்தாலே புண் ஆறிவிடும், எதற்கு வீண் செலவு என்கிறார்.

ஸ்கேன்தான் நார்மலாக இருக்கிறதே, அப்புறம் எதற்கு எண்டோஸ்கோபி? ரத்தத்தில் கிருமி தெரிந்துவிட்டது என்றால் நேராக அதற்கு மருந்து சாப்பிட்டால் போதாதா? எண்டோஸ்கோபி உண்மையில் எந்த அளவுக்குக் கஷ்டம்? அனுபவம் உள்ளவர்களும் மருத்துவத் துறையில் இருப்பவர்களும் சொல்லுங்கள், அப்பாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

தேனி மருந்தாளுநர்:

சகோதரி, எண்டோஸ்கோபி பற்றி டாக்டர்கள் வந்து சொல்வார்கள். நான் அந்த செட் மாத்திரையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அப்பாவின் வயிற்றுக்கு அதுதான் முதல் சந்தேகம்.

மூட்டு வலி என்று கேட்டால் வெட்டிக் கொடுக்கிற செட்டில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் அல்லது அசிக்ளோஃபெனாக் இருக்கும். சில இடங்களில் அதோடு டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுக்கிறார்கள், அதனால்தான் மறுநாளே ஆள் துள்ளி எழுந்து வேலைக்குப் போகிறார். வலி மாத்திரை தனியாகவே இரைப்பையைப் புண்ணாக்கும், ஸ்டீராய்டும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். நம் இரைப்பையின் உள்சுவர் சுரக்கிற கொழகொழப்பான படலம்தான் அமிலம் சுவரைத் தொடாமல் காக்கிறது. அந்தப் படலம் ஊறுவதற்குப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் வேண்டும். வலி மாத்திரை மூட்டில் வலியைக் குறைப்பதே அந்தப் பொருளின் உற்பத்தியைத் தடுத்துத்தான், மூட்டில் தடுக்கிறபோது இரைப்பையிலும் சேர்த்தே தடுத்துவிடுகிறது. இதனால்தான் சாப்பிட்டபின் போட்டால் ஒன்றும் செய்யாது என்பது நம்பக்கூடிய பேச்சு இல்லை. மாத்திரை நேராகப் பட்டு உண்டாகும் எரிச்சல் கொஞ்சம் குறையலாம், ஆனால் பெரிய கேடு ரத்தத்தின் வழியாக வருகிறது. ஊசியாகப் போட்டாலும் அதே கதைதான்.

வலி மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள். ஆனால் செட்டில் ஸ்டீராய்டு இருந்து, அதைத் தினமும் மாதக்கணக்கில் விழுங்கியிருந்தால் அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, உடம்பு தனக்கு வேண்டிய ஸ்டீராய்டைத் தானாகச் சுரப்பதை மறந்திருக்கும். அதனால் மீதி இருக்கிற மாத்திரைகளை அப்படியே ஒரு கவரில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். பெயர் தெரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள், அட்டையில் ஓரம் கிழிந்திருந்தாலும் நிறத்தையும் எழுத்தையும் பார்த்து ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொன்று, அவசியம் பதில் சொல்லுங்கள்: அப்பாவுக்கு மலம் கறுப்பாகப் போகிறதா? இதயத்துக்கு ஆஸ்பிரின் மாதிரி ஏதாவது சாப்பிடுகிறாரா?

மலைக்கோட்டை:

எண்டோஸ்கோபி பயத்துக்கு நான் பதில் சொல்கிறேன், எனக்கு முன்சிறுகுடலில் புண் இருந்து பார்த்தார்கள். முந்தின ராத்திரி லேசாகச் சாப்பிட்டுவிட்டு அப்புறம் ஒன்றும் சாப்பிடக்கூடாது, வயிறு காலியாக இருக்க 6 முதல் 8 மணி நேரம் வேண்டும் என்பார்கள். உள்ளே போனதும் தொண்டையில் கசப்பான ஒரு ஸ்பிரே அடிப்பார்கள், கொஞ்ச நேரத்தில் தொண்டை மரத்துவிடும், எச்சில் விழுங்குவதே தெரியாது. அந்த உணர்வுதான் சிலரைப் பதறவைக்கிறது, மூச்சு அடைத்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். மூச்சுக்கு ஒன்றும் ஆவதில்லை, குழாய் போவது உணவுப் பாதையில். இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, பல்லில் குழாயைக் கடிக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் வளையம் வைப்பார்கள். குழாய் தொண்டையைத் தாண்டும்போது குமட்டும், கண்ணில் தண்ணீர் வரும், அதுதான் கஷ்டமான கட்டம். அதைத் தாண்டிவிட்டால் மூக்கால் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். எச்சிலை விழுங்கப் பார்க்க வேண்டாம், அது பாட்டுக்கு வழியட்டும், நர்ஸ் துடைத்துவிடுவார். காற்று அடித்து இரைப்பையை விரிப்பார்கள் என்பதால் ஏப்பம் வரும், அதற்கும் கூச்சப்பட வேண்டாம். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பரிசோதனைக்காகக் கொஞ்சம் சதை எடுத்தார்களே, அது எனக்குத் தெரியவே இல்லை, ஏனென்றால் இரைப்பையின் உள்சுவரில் கிள்ளினால் வலி தெரியாதாம்.

ரொம்பப் பயந்தவர் என்றால் தூக்க ஊசி போட்டுச் செய்யச் சொல்லிக் கேளுங்கள், பல இடங்களில் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருவர் இருக்க வேண்டும். ஸ்பிரே மரமரப்பு போகும்வரை தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், புரையேறிவிடும். செலவு கவலை என்றால் மருத்துவக் கல்லூரி ஜி.ஹெச்.களில் பார்க்கலாம். மதுரை ராஜாஜி, சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ்காந்தி மாதிரிப் பெரிய மருத்துவமனைகளில் குடல்நோய்க்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், ஆனால் நல்ல கைகள்.

தாமிரபரணி:

என் கருத்தும் இருக்கட்டும். எங்கள் பாட்டி காலத்தில் எண்டோஸ்கோபியும் இல்லை, கிருமி என்ற பேச்சும் இல்லை. காரம், மனக்கவலை, நேரம் தவறிச் சாப்பிடுவது, இந்த மூன்றையும் சரிசெய்தால் குடல்புண் தானாக ஆறும். மணத்தக்காளிக் கீரையைப் பாசிப்பருப்போடு தேங்காய்ப்பால் விட்டுக் கூட்டாகக் கொடுங்கள், காலையில் நீராகாரம், ராத்திரி ஒரு டம்ளர் பால். ஆன்டிபயாடிக் நாலைந்து வகை ஒன்றாகக் கொடுத்து வயிற்றை இன்னும் கெடுத்துக்கொள்ள வேண்டுமா? பெரியவர் பாவம், ஏற்கனவே இளைத்துப் போயிருக்கிறார்.

குடல்நோய் மருத்துவர்:

அம்மா, உங்கள் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு எண்டோஸ்கோபி பார்த்தே ஆகவேண்டும், தள்ளிப்போடக் கூடாது. 25 வயதுப் பையன் வயிறு எரிகிறது என்று வந்தால் முதலில் மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ செய்து கிருமிக்கு மருந்து கொடுத்துப் பார்ப்பது முறைதான். உங்கள் அப்பாவுக்கு 61 வயது, எடை குறைந்திருக்கிறது, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைகிறது, இந்த மூன்றும் சேர்ந்தால் உள்ளே பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது. காரணத்தை மறைக்காமல் சொல்கிறேன்: இரைப்பைப் புண்ணும் ஆரம்பநிலை இரைப்பைப் புற்றுநோயும் வெளியே ஒரே மாதிரி தொந்தரவுதான் கொடுக்கும். பேன் மாதிரியான அமிலக் குறைப்பு மாத்திரை போட்டால் இரண்டிலும் வலி குறையும், அதுதான் ஆபத்து, வலி குறைந்ததை வைத்து நிம்மதியடைந்து மாதக்கணக்கில் இழந்துவிடுகிறோம். இவருக்கு வலி மாத்திரைப் புண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம், பயப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் புண்ணின் ஓரத்திலிருந்து சதை எடுத்துப் பார்த்தால்தான் அதை உறுதியாகச் சொல்ல முடியும்.

ஸ்கேன் நார்மல் என்பதில் மகிழ்ச்சிதான், பித்தப்பைக் கல் இல்லை, கல்லீரல் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் அந்த ஸ்கேனில் இரைப்பையின் உட்பரப்புப் புண் தெரியாது. புண் இருக்கிறதா என்று பார்க்க அது கருவியே இல்லை.

ரத்தத்தில் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் எப்போதோ ஒரு காலத்தில் அந்தக் கிருமி வந்திருக்கிறது என்றுதான் அர்த்தம். கிருமி போய் வருடக்கணக்கு ஆனாலும் ஆன்டிபாடி ரத்தத்தில் கிடக்கும். நம் நாட்டில் பெரியவர்களில் ஏராளமானவர்களுக்குச் சிறுவயதிலேயே தொற்றியிருக்கும், ஆகவே இந்தச் சோதனையை வைத்து இப்போது கிருமி இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. இப்போது இருக்கிறதா என்று தெரிய எண்டோஸ்கோபியில் எடுத்த சதை, அல்லது யூரியா மூச்சுப் பரிசோதனை, அல்லது மலத்தில் ஆன்டிஜென், அதாவது கிருமியின் கூறு இருக்கிறதா என்று பார்ப்பது, இவற்றில் ஒன்று வேண்டும். இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அமோனியா உண்டாக்கித் தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டுதான் இரைப்பையில் பிழைக்கிறது. மூச்சுப் பரிசோதனையும் சதையை மஞ்சள் திரவத்தில் போட்டு அது இளஞ்சிவப்பாக மாறுகிறதா என்று பார்ப்பதும் அந்தக் குணத்தை வைத்துத்தான். அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கிருமி அடங்கிக் கிடந்து, சோதனையில் கிருமி இல்லை என்று பொய்யாக வரலாம், அதனால் பொதுவாக 2 வாரம் அந்த மாத்திரையையும், 4 வாரம் ஆன்டிபயாடிக்கையும் நிறுத்திவிட்டுச் செய்யச் சொல்வோம். உங்கள் அப்பா விஷயத்தில் அதற்காக எண்டோஸ்கோபியைத் தள்ளிப்போட வேண்டாம், முதலில் பார்த்துவிடலாம்.

இன்னொரு விஷயமும் சேர்த்துச் செய்துவிடுங்கள், ஒரு ஈ.சி.ஜி. நெஞ்சுக்குழி எரிச்சலை வாயு என்று நினைத்து மாரடைப்போடு வீட்டில் உட்கார்ந்திருந்தவர்களை அவசரப் பிரிவில் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம், அதிலும் பீடி பிடிப்பவர், சர்க்கரை உள்ளவர் என்றால் ஈ.சி.ஜி. பார்க்காமல் அல்சர் என்று சொல்லவே கூடாது.

தாமிரபரணி ஐயா, கீரையும் மோரும் யாருக்கும் கெடுதல் இல்லை, தாராளமாகச் சாப்பிடட்டும். ஆனால் காரமும் கவலையும்தான் காரணம் என்று உலகம் முழுக்க டாக்டர்களும் நம்பிய காலம் ஒன்று இருந்தது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற நோய்க்குறியியல் மருத்துவர் 1979-இல் இரைப்பைச் சதையில் வளைந்த கிருமிகளைக் கவனித்தார். அமிலத்தில் எந்தக் கிருமியும் வாழாது என்று அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாரி மார்ஷல் அவரோடு சேர்ந்தார். 1982-இல் ஈஸ்டர் விடுமுறையில் வளர்ப்புத் தட்டுகள் வழக்கத்தைவிட அதிக நாள் அப்படியே கிடந்ததால் முதல்முறையாகக் கிருமி வளர்ந்து கிடைத்தது. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார், சில நாட்களில் குமட்டலும் வாந்தியும் வந்தது, எண்டோஸ்கோபியில் இரைப்பை அழற்சி உறுதியானது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. அதற்கு முன்னால் நம் ஊர்களில் குடல்புண்ணுக்கு, அமிலம் சுரக்கத் தூண்டுகிற வேகஸ் நரம்பை வெட்டி, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைக்கிற அறுவை சிகிச்சை அன்றாடம் நடந்துகொண்டிருந்தது, வயிற்றில் நீளத் தழும்போடு இருக்கிற பெரியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு அந்த அறுவை சிகிச்சை அரிதாகிவிட்டது, சரியான மாத்திரைகளை இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டாலே போதும் என்ற நிலை வந்திருக்கிறது. இவ்வளவு நல்ல சிகிச்சை கையில் இருக்கும்போது அதை ஒருவருக்கு மறுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ராத்திரிப் பாலும் அப்படித்தான். குடித்தவுடன் இதமாக இருக்கும், அதில் இருக்கிற புரதமும் கால்சியமும் சிறிது நேரத்தில் அமிலத்தை இன்னும் சுரக்கவைக்கும். காரம் புண்ணை உண்டாக்குவதில்லை, இருக்கிற புண்ணில் எரிச்சலைக் கூட்டும், ஒத்துக்கொள்ளாவிட்டால் குறைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். பீடி சிகரெட்டுதான் புண்ணை ஆறவிடாமல் செய்வது, அதை விடச் சொல்லுங்கள்.

மருந்தாளுநர் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லையே? மலம் என்ன நிறம்?

நொய்யல்கரை:

எல்லோருக்கும் நன்றி. டாக்டர் கேட்டபிறகுதான் அப்பாவிடம் கேட்டேன், முதலில் சொல்லக் கூச்சப்பட்டார். சில நாளாகக் கறுப்பாகத்தான் போகிறதாம். தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானில் தார் மாதிரி ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறதாம், நாற்றமும் வழக்கத்துக்கு மாறாக இருக்கிறதாம். ரத்தசோகைக்கு டானிக் குடிக்கிறார், அதனால்தான் கறுப்பு என்று நினைத்துவிட்டாராம். நேற்றுத் தறியில் நின்றுகொண்டிருந்தபோது கண் இருட்டிக்கொண்டு வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார். முந்தைய ரத்த ரிப்போர்ட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன், ஹீமோகுளோபின் 8.2 என்று இருக்கிறது. ஆஸ்பிரின் எதுவும் சாப்பிடவில்லை. வாந்தி இல்லை. காலையில் முதல் வேலையாக டாக்டரிடம் கூட்டிப்போகட்டுமா?

குடல்நோய் மருத்துவர்:

காலை வரை காத்திருக்க வேண்டாம். இப்போதே கிளம்புங்கள், 24 மணி நேரமும் டாக்டர் இருக்கிற பெரிய மருத்துவமனைக்கு, எண்டோஸ்கோபி வசதி இருக்கிறதா என்று போனில் கேட்டுக்கொண்டே போங்கள். அவர் வண்டி ஓட்ட வேண்டாம், பைக்கில் பின்னால் உட்காரவைத்தும் கூட்டிப்போக வேண்டாம், மயங்கி விழுந்துவிடுவார். 108-ஐக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

இரும்புச்சத்து மருந்தாலும் மலம் கரும்பச்சையாகவோ கறுப்பாகவோ போகும், அது உண்மைதான். ஆனால் அது ஒட்டாது, இந்த நாற்றமும் இருக்காது. பசைபோல் ஒட்டுகிற கறுப்பு மலம் என்றால் இரைப்பையில் கசிந்த ரத்தம் குடலில் செரிமானமாகி வருகிறது என்று அர்த்தம். எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவது உடம்பில் ரத்தம் குறைந்திருப்பதன் அறிகுறி. வலி இல்லாமலேயே இப்படிக் கசியலாம், வலி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் புண் இருப்பதே தெரியாமல் ரத்தப்போக்கில்தான் முதலில் வெளிப்படுவதும் உண்டு.

போகும்போது எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். செட் மாத்திரைக் கவரையும் எல்லா ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே போனதும் "கறுப்பாக மலம் போகிறது, தலை சுற்றுகிறது, மாதக்கணக்கில் வலி மாத்திரை சாப்பிட்டார்" என்ற மூன்றையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், வயிற்று வலி என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள். ஊசி மூலம் அமிலக் குறைப்பு மருந்து தொடங்கி, ரத்த வகை பார்த்து, நிலைமை சீரானதும் 24 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோபி செய்வார்கள். ரத்தம் கசிகிற இடம் தெரிந்தால் அந்தக் குழாய் வழியாகவே கிளிப் போட்டோ சூடு வைத்தோ ஊசி போட்டோ நிறுத்திவிட முடியும்.

மாயவரம்:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும், இதைப் படித்ததும் பயம் வந்துவிட்டது. என் அம்மாவுக்குப் போன வருடம் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரல் இரண்டும் தினமும் சாப்பிடுகிறார். லேசாக எரிச்சல் இருக்கிறது என்கிறார். ஆஸ்பிரினை நிறுத்திவிடலாமா?

குடல்நோய் மருத்துவர்:

மாயவரம், நிறுத்தவே கூடாது, ஒரு நாள்கூட. ஸ்டென்ட் வைத்தவர் தானாக ஆஸ்பிரினையோ குளோபிடோக்ரலையோ நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பு வரலாம். இரண்டு மருந்தும் சேர்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு வயிற்றைக் காக்க அமிலக் குறைப்பு மாத்திரை கூடவே கொடுப்பது வழக்கம், அம்மாவின் சீட்டில் இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் இதய மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாகக் கடையில் ஒமெப்ரசோல் வாங்கிக் கொடுக்க வேண்டாம், அது குளோபிடோக்ரல் வேலை செய்வதைக் குறைக்கும், அதனால் பெரும்பாலும் பேன்டோப்ரசோல்தான் எழுதுவோம். கறுப்பு மலம் வந்தால் மட்டும் உடனே போக வேண்டும், அப்போதும் மருந்தை எப்போது நிறுத்துவது, எப்போது தொடங்குவது என்பதை டாக்டர்கள் முடிவு செய்வார்கள்.

நொய்யல்கரை:

தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். அன்று ராத்திரியே கோயம்புத்தூரில் அட்மிட் செய்தோம். மறுநாள் எண்டோஸ்கோபி. அப்பா தூக்க ஊசி வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார், முடிந்ததும் இவ்வளவுதானா என்று கேட்டார். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புண், ரத்தம் தானாகவே நின்றிருந்தது, கிளிப் தேவைப்படவில்லை. ஓரத்தில் பல இடங்களில் சதை எடுத்தார்கள், புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. கிருமியும் இருக்கிறது. ரத்தம் ஏற்றவில்லை, நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள். செட் மாத்திரையில் ஸ்டீராய்டும் இருந்திருக்கிறது, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்த அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது வீட்டில் இருக்கிறார். 14 நாளுக்கு பேன்டோப்ரசோல், பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல் என்று நாலு மாத்திரை. வாயெல்லாம் இரும்பைச் சப்பின மாதிரி இருக்கிறது என்று சாப்பாட்டைத் தள்ளிவிடுகிறார். இன்று காலை மலம் மறுபடி கறுப்பாகப் போயிருக்கிறது, எனக்குக் கை கால் ஓடவில்லை. தலைசுற்றல் எதுவும் இல்லை, நன்றாகத்தான் பேசுகிறார். திரும்ப ஓட வேண்டுமா? அப்புறம் முழங்கால் வலிக்கு இனிமேல் என்னதான் செய்வது?

தேனி மருந்தாளுநர்:

சகோதரி, நல்ல நேரத்தில் கூட்டிப்போனீர்கள். பிஸ்மத் சாப்பிட்டால் மலம் கறுப்பாகத்தான் போகும், நாக்கின் மேல்கூடக் கறுப்புப் படியும், மருந்து நின்றதும் தானே போய்விடும். இதை மாத்திரை கொடுக்கும்போதே சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். ஒட்டுகிறதா, அந்த நாற்றம் இருக்கிறதா, நாடி வேகமாக ஓடுகிறதா, எழுந்தால் தலை சுற்றுகிறதா என்று பாருங்கள். இவை எதுவும் இல்லை என்றால் பதறாமல், மருத்துவமனைக்குப் போன் செய்து சொல்லிவிட்டு ஒரு ஹீமோகுளோபின் மட்டும் பார்த்துவிடுங்கள். இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தாலும் பிஸ்மத்தாக இருக்கும் என்று வீட்டில் உட்காராதீர்கள்.

வாய்க் கசப்பு மெட்ரோனிடசோலால் வருவது. அதற்காக ஒருவேளைகூட விடக் கூடாது, பாதியில் விட்டால் மிஞ்சுகிற கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும், அடுத்த முறை சிகிச்சை கடினம். வாய்க்கு ஒரு நெல்லிக்காயோ கிராம்போ போட்டுக்கொள்ளட்டும். பேன்டோப்ரசோலைக் காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்னால் கொடுங்கள், சாப்பிட்டபின் கொடுத்தால் பாதிப் பலன்தான், சாப்பாடு வந்ததும் அமிலம் சுரக்கிற நேரத்தில் மருந்து ரத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். டெட்ராசைக்ளினோடு பால், தயிர், இரும்புச்சத்து மாத்திரை, ஜெலுசில் மாதிரி சிரப் எதையும் சேர்க்காதீர்கள், இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சேராமல் போய்விடும். மெட்ரோனிடசோல் முடிந்து சில நாள் ஆகும்வரை மது கூடவே கூடாது.

தாமிரபரணி:

பெரியவர் நலமானதில் ரொம்ப சந்தோஷம். ரத்தம் போகிறபோது கீரையை நம்பியிருக்கக் கூடாதுதான். இப்போது என்ன சாப்பிடக் கொடுக்கலாம், டாக்டர் சொன்னால் எல்லோருக்கும் பயன்படும்.

குடல்நோய் மருத்துவர்:

எது ஒத்துக்கொள்கிறதோ அதைக் கொடுக்கலாம் ஐயா, உங்கள் கூட்டும் சேர்த்துத்தான். அல்சர் என்றாலே வருடக்கணக்கில் மோர்சோறும் இட்லியும் மட்டும் கொடுத்து ஆளைத் தேயவைக்கிற வழக்கம் வேண்டாம், இவருக்கு ரத்தம் ஊறவேண்டும், முட்டை, மீன், பருப்பு, கீரை எல்லாம் வேண்டும்.

முழங்காலுக்குப் பாரசிட்டமால், தடவுகிற ஜெல், தொடைத் தசையை வலுப்படுத்துகிற பயிற்சி, இந்த மூன்றிலும் தொடங்குங்கள். பயிற்சியை யாரும் மதிப்பதில்லை, ஆனால் தேய்ந்த முழங்காலுக்கு அதுவே பெரிய மருந்து, பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒருமுறை கற்றுக்கொண்டால் வீட்டிலேயே செய்யலாம். தறியில் நடுநடுவே உட்கார ஒரு உயரமான ஸ்டூல் போடச் சொல்லுங்கள். எப்போதாவது வலி மாத்திரை இல்லாமல் முடியாது என்று ஆனால், அது எலும்பு மருத்துவரும் வயிற்று மருத்துவரும் சேர்ந்து எடுக்கிற முடிவாக இருக்கட்டும். இரைப்பையைக் குறைவாகப் பாதிக்கிற வகையை அமிலக் குறைப்பு மாத்திரையோடு கொடுப்போம், இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்த்துத்தான் அதையும் கொடுக்க முடியும். கடையில் செட் வாங்குவது மட்டும் வாழ்நாளுக்கும் கிடையாது.

இன்னும் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது, தொந்தரவு போய்விட்டதும் பலர் விட்டுவிடுவது இந்த இரண்டைத்தான். ஒன்று, 14 நாள் மருந்து முடிந்தபிறகும் பேன்டோப்ரசோல் தொடரும், மொத்தம் 8 வாரம் வரை சாப்பிட்டபின், 8 முதல் 12 வாரத்துக்குள் இன்னொரு எண்டோஸ்கோபி. முதல் சதையில் புற்றுநோய் இல்லை என்று வந்தாலும், இரைப்பைப் புண் முழுதாக ஆறிவிட்டதை இவர் வயதில் கண்ணால் பார்த்தாக வேண்டும். புண் முன்சிறுகுடலில் இருந்திருந்தால் இவ்வளவு வற்புறுத்தியிருக்க மாட்டேன். இரண்டாவது, கிருமி போய்விட்டதா என்று பார்ப்பது. ஆன்டிபயாடிக் முடிந்து குறைந்தது 4 வாரம், பேன்டோப்ரசோல் நிறுத்தி 2 வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனை அல்லது மலப் பரிசோதனை. ரத்த ஆன்டிபாடி மறுபடி எடுக்காதீர்கள், அது பாசிட்டிவ் என்றே வந்து உங்களை வீணாகக் கலங்கடிக்கும். நம் நாட்டில் கிளாரித்ரோமைசின், மெட்ரோனிடசோல் இரண்டுக்கும் அடங்காத கிருமிகள் நிறைய இருப்பதால் ஒரு கோர்ஸில் போகாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு, அப்படி வந்தால் வேறு மருந்துகள் இருக்கின்றன. பேன்டோப்ரசோல் நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் அமிலம் கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து எரிச்சல் தரலாம், புண் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி தொடங்கிவிடாதீர்கள், சோதனை கெட்டுவிடும். எரிச்சல் வந்தால் அந்த நாட்களுக்கு மட்டும் ஜெலுசில் மாதிரி சிரப் போதும்.

அம்மாவுக்கோ வீட்டில் வேறு யாருக்காவதோ வயிற்றுத் தொந்தரவு இருந்தால் அவர்களுக்கும் மலப் பரிசோதனை செய்துவிடுங்கள், ஒரே வீட்டுக்குள் பரவுகிற கிருமி இது.

நொய்யல்கரை:

ஹீமோகுளோபின் பார்த்தோம், 9.1. டிஸ்சார்ஜ் ஆனபோது 8.4. மலம் ஒட்டவில்லை, தலைசுற்றலும் இல்லை, மருத்துவமனையிலும் பிஸ்மத்தால்தான் என்றார்கள். இரண்டாவது எண்டோஸ்கோபிக்குத் தேதி வாங்கிவிட்டேன், அப்பா இந்த முறை மறுப்புச் சொல்லவில்லை. அம்மாவுக்கும் புளித்த ஏப்பம் ரொம்ப நாளாக இருக்கிறது, அவருக்கும் மலப் பரிசோதனைக்குக் கொடுத்திருக்கிறோம். தறி முதலாளி ஸ்டூல் போடச் சம்மதித்துவிட்டார்.